கடைசித் தாள் அபிப்பிராயம்

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் இது காதில் விழாது, ஏனென்றால் இது சத்தம் போட்டு நடந்த கதை இல்லை, ஒரு பொம்பளையின் மண்டைக்குள்ளே முக்கால் மணி நேரம் நடந்த கதை. வெளியே பார்த்தால் ஒன்றுமே கிடையாது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் ஷட்டர் இறங்கிக் கிடக்கிற வாடகைப் புத்தகக் கடை. ஒட்டினாப்பில ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு பிரமு அக்கா. முழுப்பேர் பிரமநாயகி. வயசு அறுபத்து மூணு, படிப்பு எட்டாம் வகுப்பு, தொழில் ஜாக்கெட் தைக்கிறது, மிச்ச நேரமெல்லாம் வாசிப்பு. புத்தகக் கடைக்காரர் ஆதிமூலத்தின் பைக் பஞ்சராம். "இப்ப வந்திருவாவ, உட்காருங்க யக்கா" என்று ஜெராக்ஸ் கடை மும்தாஜ்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். போட்டவள் சும்மா இருக்காமல், "புக்கு மாத்தவா?" என்று கேட்டாள். "திருப்பிக் குடுக்க" என்றாள் பிரமு அக்கா. "குடுத்துட்டு மெம்பர் அட்டையில இருக்க பேரையும் அடிச்சு எடுத்துரச் சொல்லணும். ஞாயித்துக்கெழமை மக வாரா, ஹோசூர் போறேன். இனிமே அங்கதான்." மும்தாஜ் வாயைத் திறந்தாள், அதற்குள் ஒருத்தர் ஆதார் அட்டையை நீட்டவும் உள்ளே போய்விட்டாள்.

இனிமே அங்கதான். தன் வாயால் சொன்னது தன் காதுக்கே யாரோ சொன்னது மாதிரி இருந்தது அக்காவுக்கு. காலையில் மகள் வடிவுக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொன்னபோதும் இப்படித்தான் இருந்தது. ஆறு வருஷமாக வாம்மா வாம்மா என்று அவள் கூப்பிடவும், இங்கே தையல் கிடக்கு, அங்கே குளிர் என்று அக்கா தட்டிக் கழிக்கவும் ஆகப் போய்க்கொண்டிருந்தது, இன்றைக்கு ஒரே பேச்சில் முடிந்துவிட்டது. காரணத்தை வடிவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இந்தா, மடியில் துணிப்பைக்குள் இருக்கிறது, காக்கி அட்டை போட்ட படக்கதைப் புத்தகம், கடைசித் தாள். அந்தத் தாளை நினைத்தவுடனே அக்கா நினைப்பை வேறு பக்கம் திருப்பினாள், எதிரே சுவரில் ஒட்டியிருக்கிற கோச்சிங் சென்டர் போஸ்டர், அதில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற பெண், அந்தப் பெண்ணின் சட்டையில் தோள்பட்டைத் தையல் அரை அங்குலம் இறங்கியிருந்தது. யாரோ அவசரத்தில் தைத்தது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னதும் அதை மறைக்கத்தான். படம் வரைகிற பையன்களும் அப்படித்தானே, கை வரைய வராது, எல்லாக் கையையும் கால்சட்டைப் பைக்குள்ளே சொருகிவிடுவான்கள். பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு என்று வருகிற இந்தப் புதுப் படக்கதைகளில் பாதியில் யாருக்கும் விரல் கிடையாது. காதலைச் சொல்கிறபோது கை பைக்குள், அப்பாவோடு சண்டை போடுகிறபோது கை பைக்குள், சோறு தின்கிற இடம் வந்தால் தட்டை மட்டும் காட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடுவான். இதை எத்தனை புத்தகத்தில் எழுதியாயிற்று. விரலைக் காட்டு தம்பி, பி.நா.

பி.நா. என்பதுதான் அக்காவின் கையெழுத்து. ஆதிமூலம் கடையில் ஒரு வழக்கம். புதுப் புத்தகம் வந்தவுடன் கடைசியில் ஒரு கோடு போட்ட தாளைச் சேர்த்து வைத்துத் தைக்கக் கொடுப்பார், படித்தவர்கள் அதில் பென்சிலால் அபிப்பிராயம் எழுதலாம். எடுக்க வருகிற சனங்கள் அட்டையைப் பார்ப்பதில்லை, நேரே கடைசித் தாளைப் புரட்டி பி.நா. என்ன சொல்லியிருக்கு என்று பார்ப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், பேங்கில் வேலை பார்க்கிறவர்கள், எல்லாரும்தான். யார் இந்த பி.நா., ரிட்டயர்டான வாத்தியாரா, வக்கீலா என்று ஒரு நாள் ஒருத்தர் கேட்க, ஆதிமூலம் பக்கத்தில் நின்ற அக்காவைக் கண்ணால்கூடக் காட்டாமல், "பெரிய எடம் சார்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பு. மற்றவர்களும் எழுதத்தான் செய்கிறார்கள். புலவர் தாணு இருக்கிறார், அவர் எந்தப் படக்கதையானாலும் ஒரே வரிதான், படங்கள் மிகுதி, பிழைகள் மலிந்துள்ளன, தவிர்க்கலாம். படக்கதையில் படம் மிகுதி என்றால் என்ன செய்ய. மீன் குழம்பில் மீன் மிகுதி என்று ஒருத்தன் வருத்தப்படுவானா. அக்கா அப்படியெல்லாம் பொத்தாம்பொதுவாக எழுதமாட்டாள். முதலில் அக்காவுக்கும் படக்கதை பிடிபடவில்லை, அது உண்மை. எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று தெரியாமல் பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்விக்கு வந்திருக்கிறாள். அப்புறம் பிடிபட்டது, துணியில் வெட்டுக்கோடு போட்ட மாதிரித்தான் இது, கண் தானாக ஓடவேண்டும், நின்று யோசித்தால் வெட்டினவன் மேல் தப்பு. சேலையைப் பார்ப்பாள். ஒரு புத்தகத்தில் ஒரு அம்மாவுக்கு முந்தி இந்தப் பக்கத்தில் இடது தோளில் கிடந்தது, அடுத்த பக்கத்தில் வலது தோளில் கிடந்தது, படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறான், திருப்புகிறவன் சேலையை நினைக்கவில்லை. அம்மாவை நினைத்திருந்தால் சேலையை நினைத்திருப்பான்.

சத்தம்தான் இன்னும் முக்கியம். அக்கா படிக்கிறபோது உதடு அசையும், வார்த்தை காதுக்கு வந்தால்தான் அவளுக்கு உள்ளே போகும். ஒருத்தன் தையல் மெஷினுக்கு டிக் டிக் என்று எழுதியிருந்தான். மெஷின் என்ன கடிகாரமா. பெடல் மிதித்தால் முதலில் ஒரு முனகல், பிறகு கடகடவென்று ஓட்டம், துணி முடிகிற இடத்தில் ஒரு இழுவை. கேட்காமலே எழுதுகிறான். பேச்சும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்துப் பதினாலு வயசுப் பிள்ளை அப்பனைப் பார்த்து, என் உணர்வுகளுக்கு நீங்கள் இடம் தரவேண்டும் என்கிறாள். எந்த அம்பாசமுத்திரத்தில். கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடாமல் கிடப்பாள், அவ்வளவுதான், அதை வரை, அது போதும். படம் இல்லாத இளவட்ட நாவல்களில் இது இன்னும் மோசம், காதலிக்கிறதுக்கு மட்டும் பதினேழு வயசு, வாயைத் திறந்தால் நாற்பது. முதல் பக்கத்திலேயே, நான் மற்றவர்களைப் போல இல்லை என்று ஆரம்பிக்கும். எல்லாப் புத்தகத்திலும் எல்லாப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போல இல்லை என்றால் அப்புறம் அந்த மற்றவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள். இதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் மாட்டாள். டாக்டர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் விடுதியைப் பற்றி ஒன்று வந்தது, அதில் நானூறு பக்கத்துக்கு நாலு பெண்களும் ஒரே ஒரு குளியல் வாளிக்குச் சண்டை போடுகிறார்கள், ஒரு உபதேசம் கிடையாது, அதற்கு அக்கா, வாளிக்காகவே படிக்கலாம் என்று எழுதினாள், எட்டு மாசமாக அது கடையில் தங்கவே இல்லை. முழுக்கப் போனில் அனுப்புகிற மெசேஜாகவே ஒரு நாவல், அதைப் பார்த்தவுடன் இதெல்லாம் ஒரு புத்தகமா என்றுதான் எடுத்தாள். அதில் ஒரு பக்கம் முழுக்க, எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்துவிட்டு, பிறகு ஒன்றும் வராமல் போகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அக்கா மெஷினில் நூல் தீர்ந்த பாபினை மாற்றக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். வடிவு கூட அப்படித்தான். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வரும். பிறகு, சரிம்மா, என்று மட்டும் வரும்.

ஆனால் ஒன்றை மட்டும் அக்காவால் மன்னிக்க முடிவதில்லை. இந்தப் புத்தகக்காரர்கள் அம்மாவைக் கொன்றுவிடுகிறார்கள். பிள்ளை வீட்டைவிட்டு ஓடவேண்டும், மலை ஏறவேண்டும், ரகசியம் கண்டுபிடிக்கவேண்டும் என்றால் அம்மா உயிரோடு இருந்தால் விடமாட்டாள், சாப்பிட்டுவிட்டுப் போ என்பாள். அதனால் முதலிலேயே கொன்றுவிடுகிறார்கள், அல்லது கடைசியில் அழுகை வரவேண்டும் என்று கொல்லுகிறார்கள். ஒரு வருஷத்தில் பதினோரு அம்மா. விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். பதினொன்றா, பன்னிரண்டா. இங்கேதான் அக்காவின் நினைப்பு வந்து முள்ளில் மாட்டின முந்தி மாதிரி நின்றது. பதினொன்றா, பன்னிரண்டா. மடியில் இருக்கிறவளைச் சேர்த்தா, சேர்க்காமலா. சேர்த்திருந்தால் எப்போது சேர்த்தாள். எண்ணியது எப்போது. அக்கா துணிப்பைக்குள் கையை விட்டாள், அட்டையைத் தொட்டாள், கையை எடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எடுத்த புத்தகம். உப்பு வண்டி ஏழாம் நம்பர் என்று பேர். தூத்துக்குடி உப்பளத்தில் அம்மாவோடு வேலைக்குப் போகிற அமலி என்ற பிள்ளையின் கதை. இரண்டே நாளில் படித்தாள், படித்தாள் என்ன, கேட்டாள். முதல் நாலு பக்கத்தில் ஒரு எழுத்து கிடையாது, வெள்ளை, வெள்ளைக்கு நடுவே இரண்டு புள்ளி நடந்து வருகிறது, காலுக்குக் கீழே சின்னச் சின்னதாக மொறுக் மொறுக், மொறுக் மொறுக் என்று மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டு பேர் நடக்கிற சத்தம், பெரிய காலுக்குப் பெரிய எழுத்து, சின்னக் காலுக்குச் சின்ன எழுத்து. விரல் எல்லாம் இருக்கிறது இதில், உப்பு தின்ற விரல், நகத்துக்கு ஓரத்தில் வெடிப்பு. அம்மா இதிலும் சாகத்தான் செய்கிறாள். ஆனால் சாவைக் காட்டவில்லை. ஒரு கட்டத்தில் அவளுடைய ரப்பர் பூட்ஸ் வெயிலில் காய்கிறது, பூட்ஸில் உப்புப் பூத்திருக்கிறது, அடுத்த பக்கத்தில் திரும்பவும் வெள்ளை, திரும்பவும் மொறுக் மொறுக், ஆனால் சின்ன எழுத்து மட்டும். அக்கா அழுதாள். பதினோரு அம்மா செத்த பிறகு ஒரு அம்மாவுக்கு அழுதாள். மூக்கைத் துடைத்துவிட்டு, பென்சிலைச் சீவி, எல்லாரும் எடுங்க, சத்தத்தோட படிங்க என்று எழுதவேண்டும் என்று மனசுக்குள் எழுதியே முடித்துவிட்டுக் கடைசித் தாளைப் புரட்டினாள். படித்து முடிக்கும்வரை அந்தத் தாளைப் பார்க்கக்கூடாது என்பது அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட சட்டம். புரட்டினால், புலவர் தாணுவின் வழக்கமான வரி. அதற்குக் கீழே பென்சிலில், வளைத்து எழுதுகிற கொம்போடு, அவளே. படம் பரவாயில்லை. பேச்சு சகிக்கலை. அம்மாவைக் கொன்னுட்டு அழகு பாக்கான். எடுக்க வேண்டாம். பி.நா.

விசாலம் அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கூடப் பிறந்தவள், ஆறு வயசு மூத்தவள். ஒரு மாம்பழக் கலர் சேலையைப் பார்த்து, இது என்ன வாந்தி எடுத்த கலர், யார் இதை எனக்கு எடுத்தது என்று திட்டினாள். அடுத்த மாசம் அதே சேலையைப் பிரித்துப் பார்த்து, புதுசா, எவ்வளவு அழகாக இருக்கு, யார் எடுத்தது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பிரமுவும் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் விசாலத்துக்குப் பிரமுவைத் தெரியவில்லை. மறப்பது கூட இல்லை, பிரமுவைப் பயமுறுத்தினது அந்தச் சேலை. ஒரே ஆள் இரண்டு மனசாக இருந்து, ஒரு மனசுக்கு இன்னொரு மனசைத் தெரியாமல் போவது. அன்றைக்கே தீர்மானம் பண்ணினாள், எனக்கு இது வருகிற நாளில் யாரும் வந்து சொல்லும்படி வைக்கமாட்டேன், நானே கண்டுபிடிப்பேன், நானே மகளுக்குச் சொல்லி நானே பெட்டியைக் கட்டுவேன். கண்டுபிடித்தாயிற்று. இந்தா, தன் கையெழுத்திலேயே இருக்கிறது. வேறு யாராவது அவளை மாதிரி எழுதியிருப்பார்களா என்று இரண்டு நாள் பார்த்தாள், இல்லை, அந்தக் கொம்பு அவளுடையதுதான், அம்மாவைக் கொன்னுட்டு அழகு பாக்கான் என்பது அவள் வாய்தான், இதை எழுதின ஞாபகம்கூட லேசாக இருக்கிறது, சித்திரையில், மாம்பழம் வாசனை அடிக்க. எந்தப் புத்தகத்தில் எழுதினோம் என்பதுதான் இல்லை. சாதாரணப் புத்தகம் என்றால் இருபத்தோராம் பக்கத்து ஓரத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டு வைப்பாள், படித்ததற்கு அடையாளம், இந்தக் கடையில் வயசான வாசகர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கத்தில் இப்படிப் போடுவார்கள். படக்கதைக்கு ஓரமும் கிடையாது, பக்க நம்பரும் கிடையாது, எங்கே போய்ப் போட. அப்புறம் ஆதிமூலம். செவ்வாய்க்கிழமை இதை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினபோது, "இதையா எடுக்கிய?" என்றார். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாவம் என்று விட்டிருக்கிறார். அந்தப் பார்வைதான் இரண்டு நாளாக அக்காவைத் தூங்கவிடவில்லை. மறதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆதிமூலம் பாவம் என்று பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

மும்தாஜின் மெஷின் உள்ளே உய்ங்... சரக், உய்ங்... சரக் என்று ஓடியது. இதை எவனாவது எழுதினால் ஸிக் ஸிக் என்று எழுதுவான். அக்கா புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கிறதுக்கு முன்னால் பூட்ஸ் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். பார்த்தாள். அழுகை அதே இடத்தில் இருந்தது. அப்படியானால் இதை முன்னால் படித்தபோது இந்த அழுகை எங்கே போயிருந்தது. கண்ணில் கோளாறா, சித்திரை வெயிலா. வாய் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க, கட்டை விரல் அதன்பாட்டுக்குக் கடைசித் தாளின் உள்ஓரத்தில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. அது அவளுடைய கட்டை விரலின் நாற்பது வருஷத்துப் பழக்கம். பொம்பளைகள் புது ஜாக்கெட் என்று கொண்டுவந்து நீட்டுவார்கள், இன்னும் உடுத்தவே இல்லை, அளவு மட்டும் கூட்டு என்பார்கள், அக்கா ஒன்றும் பேசாமல் தையலோரத்தில் விரலை ஓட்டுவாள், ஏற்கெனவே பிரித்துத் தைத்ததென்றால் பழைய ஊசி ஓட்டை விரலுக்குத் தட்டும், எத்தனை தேய்த்தாலும் போகாது. விரல் நின்றது. நூலுக்கு மேலே ஒரு ஓட்டை. நூல் போகாத வெறும் ஓட்டை. பிரித்துத் தைத்தது.

சரி, இதில் என்ன. புதுப் படக்கதையெல்லாம் வழவழவென்று கனத்த தாள், பத்துக் கை மாறினால் பிரிந்துவிடும், பைண்டர் லூர்து முதலில் போட்ட தையலை எடுத்துவிட்டு மறுபடி ஊசி போடுவான். எல்லாத் தாளிலும் பழைய ஓட்டை இருக்கும்தான். அக்கா ஒரு தாளைத் திருப்பினாள், பூட்ஸுக்கு அப்புறம் வருகிற வெள்ளைப் பக்கம். இருந்தது, ஓட்டை இருந்தது. ஆனால் நூலுக்குக் கீழே, ஒரு அரிசி அகலம் கீழே. அதற்கு முந்தின தாள். கீழே. அதற்கு முந்தினது. கீழே. கடைசித் தாளில் மட்டும் மேலே. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவசரப்படாதே. லூர்து தாளைத் திருப்பி வைத்துத் தைத்திருப்பானோ, தலையைக் காலாகத் திருப்பினால் மேலே இருந்தது கீழே வரும். திருப்பினால் எழுத்து தலைகீழாக இருக்குமே, எழுத்து நேராக இருக்கிறதே. விரலை நம்பாதே, விரலுக்கும் வயசாகிறது. வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். கடைசித் தாளுக்கு நாலு தாள் முன்னால் போய், பழைய ஓட்டையில் ஊக்கு நுனியை வைத்து மெல்ல விட்டாள். அழுத்தவே இல்லை. ஒரு தாள், இரண்டு, மூன்று, நாலு, வெண்ணெயில் போகிறது மாதிரிப் போனது. கடைசித் தாளில் முட்டி நின்றது. வழி இல்லை. எடுத்து அடுத்த ஓட்டையில் விட்டாள், நாலு தாள் தாண்டி முட்டி நின்றது. மூன்றாவது ஓட்டை, அதேதான். அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இந்தத் தாள் இந்தப் புத்தகத்தில் பிறந்த தாள் இல்லை. வேறொரு புத்தகத்தோடு தைத்திருந்த தாள், பிரித்துப்போட்ட இடத்தில் மாறிப் போயிருக்கிறது. இரண்டு படக்கதை, ஒரே அளவு, ஒரே நாளில் லூர்து வீட்டுத் தரையில் பிரித்துக் கிடந்திருக்கும். புலவர் தாணுவின் வரியைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கவும் முடியாது, அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் எழுதுகிறார். எனக்குப் புத்தி கெடவில்லை. சித்திரையில் ஒரு புத்தகம் படித்தேன், அது நல்லா இல்லை, நல்லா இல்லை என்று எழுதினேன். இப்போது ஒரு புத்தகம் படித்தேன், இது நல்லா இருக்கு. இரண்டும் ஒரே மனசுதான். போஸ்டரில் இருந்த பெண்ணின் தோள்பட்டைத் தையல் இப்போதும் அரை அங்குலம் இறங்கித்தான் இருந்தது, அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆதிமூலம் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார், கையெல்லாம் கரி. "ரொம்ப நேரமாச்சா யக்கா" என்று கேட்டுக்கொண்டே ஷட்டரைத் தூக்கினார். அக்கா அவர் பின்னாலேயே உள்ளே போய்ப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். "ஆதிமூலம், செவ்வாக்கெழமை நான் இத எடுக்கும்போ ஒரு மாதிரி பாத்தியே, என்னத்துக்கு?"

"நான் எங்க பாத்தேன்."

"பாத்த. சொல்லு."

ஆதிமூலம் கையைத் துணியில் துடைத்தார். "இல்ல யக்கா. நீங்களே எடுக்க வேண்டாம்னு எழுதி வச்சிருக்கிய. அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா இதத் தொடல. நீங்களே வந்து எடுத்தா நான் என்ன நெனைக்க. எழுதினத மாத்தி எழுதப் போறிய போலன்னு நெனச்சேன். இல்லன்னா மறந்துட்டியளோன்னு." கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை. ஊக்கை அவர் கையில் கொடுத்தாள். எந்தத் தாள், எந்த ஓட்டை என்று காட்டினாள். "உடு. அமுக்காத." ஆதிமூலம் விட்டார். முட்டியது. மறுபடி எடுத்து விட்டார். பிறகு அலமாரிக்குப் போய், அதே அளவில் காக்கி அட்டை போட்ட இன்னொன்றை உருவிக்கொண்டு வந்தார். நேரத்தை நிறுத்தும் பையன். பரீட்சை ஹாலில் கடிகாரத்தை நிறுத்துகிற ஒருத்தன், விரல் இல்லாதவன், வாயைத் திறந்தால் பாடம் எடுக்கிறவன், அம்மாவைப் பறிகொடுத்தவன். அட்டையைப் பார்த்தவுடனேயே அக்காவுக்குச் சித்திரை மாசத்து மாம்பழ வாசனை வந்துவிட்டது. அதன் கடைசித் தாளிலும் புலவர் தாணு மட்டும் இருந்தார். அந்தத் தாளின் ஓட்டை கீழே, மற்ற தாளின் ஓட்டையெல்லாம் மேலே.

"லூர்த நான் என்ன செய்ய" என்றார் ஆதிமூலம். "மூணு மாசமா இத எல்லாரும் எடுத்துட்டுப் போயி, திட்டிட்டுத் திருப்பித் தாராவ. பி.நா. ஒண்ணும் எழுதலையே, நல்லா இருக்கும்னுல்லா எடுத்தோம்ங்காவ. நல்ல புக்கு அங்க தூங்குது. குடுங்க, இன்னைக்கே அவன்கிட்ட குடுத்து மாத்தித் தச்சிருதேன்."

"அவன்கிட்டயா. இன்னும் நாலு புக்க மாத்திருவான். ரெண்டையும் என் பையில போடு, வீட்டுல கோணி ஊசி கெடக்கு."

மும்தாஜ் வாசலில் வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அப்போ ஹோசூரு?" என்றாள்.

"என்ன ஹோசூரு?" என்றார் ஆதிமூலம்.

அக்கா பையை மேஜையில் விரித்து வைத்தாள். அந்தக் கேள்வியில்தான் இன்னொரு முள் இருந்தது, அதை அவள் இப்போதுதான் பார்த்தாள். வடிவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் வடிவு என்ன கேட்பாள். காலையில வாரேன்னு சொன்னியேம்மா, மறந்துட்டியா. அப்படியே கேட்பாள், அதே வார்த்தையில் கேட்பாள். பெரியம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. மனசு மாறிட்டேன் என்றால், அதுவும் விசாலத்தின் சேலைதான். லூர்து, தையல், ஓட்டை, ஊக்கு என்று போனில் விளக்கினால் இன்றைக்கே ரயில் ஏறி வந்துவிடுவாள். வாரேன் என்று சொன்னவளும் வரலை என்று சொல்கிறவளும் ஒரே ஆள்தான் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிக் காட்ட. வடிவின் காதில் ஊக்கு விட்டா பார்க்க முடியும்.  அக்கா போனை எடுத்தாள், போட்டாள், காதில் வைத்துக்கொண்டு, ஆதிமூலத்தையும் மும்தாஜையும் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினாள்.

"என்னம்மா, இப்பதான பேசினோம்" என்றாள் வடிவு. வீட்டில் இருந்துதான் ஆபீஸ் வேலை பார்க்கிறாள் அவள், குரலுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம்.

"இப்ப இல்லட்டி, எட்டு அஞ்சுக்குப் பேசினோம். நான் வாரேன்னு சொன்னேன். நீ அதுக்கு, நெசமாவாம்மா, நெசமாவாம்மான்னு ரெண்டு தடவ கேட்ட. ஒங்க குக்கர் மூணாவது விசில் அடிச்சுது, இரும்மான்னுட்டுப் போயி அணைச்ச. மாப்பிள வண்டிச் சாவி எங்கன்னு கேட்டாவ, நீ பிரிட்ஜ் மேலன்னு சொன்ன. அப்புறம் திரும்பி வந்து, ஞாயித்துக்கெழமை ஆறேகாலு ரயில்ல எறங்குதேன், மேல் ரூம காலி பண்ணி வைக்கேன்னு சொன்ன. சொல்லும்போ ஒனக்குத் தொண்டை அடைச்சுது. நீ இருமி மறச்ச."

கீபோர்டு சத்தம் நின்றிருந்தது. "ஆமா" என்றாள் வடிவு.

"அவ்வளவும் ஞாபகம் வச்சுக்கிட்டுத்தான் இப்ப சொல்லுதேன். நான் வரல. ஞாயித்துக்கெழமை நீ வா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ, மாப்பிளையையும் கூட்டிட்டு வா. மேல் ரூமு அப்படியே கெடக்கட்டும்."

"என்னம்மா ஆச்சு? யாரும் எதுவும் சொன்னாவளா?"

ஆதிமூலம் இரண்டு புத்தகத்தையும் அக்காவின் பையில் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"வடிவு, ஒனக்குப் பின்னால அடுப்புல என்னமோ சுர்ருன்னு கேக்குது, பால் பொங்குது போல, போயி பாரு" என்று சொல்லி, அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டதும் போனை வைத்தாள்.